மூன்று வாரமா, பத்து வாரமா? சியோலில் கொரியன் படித்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

ஒரகடம் மலர்

வணக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு கொரியன் கம்பெனியில் தரப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்த கொரியன் மொத்தம் மூன்று சொல். பாகம் பழுது என்றால் ‘புல்யாங்’. சரிபார்ப்பது ‘ஹ்வாகின்’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘ப்பல்லி ப்பல்லி’, அதாவது சீக்கிரம் சீக்கிரம். போன மாதம் மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் போன அன்று நானும் எங்கள் பூஜாங்னிம்மும், அதாவது கொரிய மேலாளரும், ஒரு ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊமைப்படம் நடித்தோம். மேலே போக மொழி வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சம்பளத்தோடு மூன்று வாரம் விடுப்பு கிடைக்கும். சம்பளம் வேண்டாம் என்றால் பன்னிரண்டு வாரம் வரை தருவார்கள். சேமிப்பு மூன்றரை லட்சம். சியோலில் பல்கலைக்கழக மொழி நிலையங்களில் மூன்று வாரக் கோடைப் படிப்பும் இருக்கிறது, பத்து வாரப் படிப்பும் இருக்கிறது. எதற்குப் போகலாம்? எழுத்து மட்டும் யூடியூப் பார்த்துக் கற்றிருக்கிறேன். தட்டுத்தடுமாறி வாசிப்பேன், பொருள் தெரியாது.

சின்சோன்வாசி

மூன்று வாரம் போவதென்றால் வீட்டில் சுற்றுலா என்றே சொல்லிவிட்டுப் போங்கள், மனசாட்சி உறுத்தாது.

நான் 2018-இல் இலையுதிர்காலத்தில் தொடங்கி மூன்று பருவம் அங்கே படித்தவன். பத்து வாரப் படிப்பின் கணக்கு எல்லா நிலையங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் நான்கு மணி நேரம், மொத்தம் 200 மணி நேரம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என்று ஆண்டுக்கு நான்கு பருவம். பொதுவாக ஆறு நிலைகள். வருகை 80 சதவீதத்துக்குக் குறைந்தால் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அதே நிலையில் மறுபடி உட்கார வேண்டும்.

மூன்று வாரம் என்றால் 60 மணி நேரம். முதல் வாரம் அறை, சிம் கார்டு, டி-மணி பயண அட்டை என்று போகும். மாலையில் ஹன்போக் உடுத்தி அரண்மனை பார்ப்பது, கிம்ச்சி போடப் பழகுவது. மூன்றாவது வாரம் விடைபெறும் விருந்து. நடுவில் மிஞ்சும் ஒரு வாரத்துக்குத்தான் விமான டிக்கெட் எடுக்கிறீர்கள்.

என் காது ஆறாவது வாரம்தான் திறந்தது. சுரங்க ரயிலில் பக்கத்தில் நின்ற இரண்டு பாட்டிகள் ஒருவர் மருமகளைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று புரிந்தது. அதுவரை அது வெறும் இரைச்சல். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டு முழுவதையும் கேட்டேன்.

கடாரத்துப் பெண்

சின்சோன்வாசி சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். நான் மூன்று வாரம்தான் போனேன். எனக்குப் பயன்பட்டது.

ஆனால் ஒன்று. போவதற்கு முன் கோலாலம்பூரில் ஒன்றரை வருடம் மாலை வகுப்பு போயிருந்தேன். இலக்கணம், சொல் எல்லாம் தலைக்குள் இருந்தது, வாயில் வரவில்லை. அந்த மூன்று வாரம் வாயைத் திறந்துவிட்டது. மலேசியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை என்பதால் எனக்கு அது சுலபமாகவும் இருந்தது. வெறுங்கையோடு போயிருந்தால் கடலைமிட்டாய் வாங்கத் திருவிழாவுக்குப் போன கதைதான்.

சின்சோன்வாசி

அப்படியானால் நாம் இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறோம், அக்கா. எத்தனை வாரம் என்பது இரண்டாவது கேள்வி. எதைக் கையில் கொண்டுபோகிறோம் என்பது முதல் கேள்வி.

மலர், முதல் நிலையை சியோலில் படிக்காதீர்கள். ‘இது புத்தகம், அது மேசை, நான் மாணவி’ என்பதற்கு லட்ச ரூபாய் எதற்கு? அதைச் சென்னையிலேயே முடிக்கலாம். இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு நடக்கிறது, கொரிய அரசின் செஜோங் நிலையத்தின் பாடங்கள் இணையத்திலும் இருக்கின்றன. சேரும்போது நிலை பிரிக்கும் தேர்வு வைப்பார்கள். அதில் இரண்டாம் நிலைக்குத் தேறினால் உங்கள் பத்து வாரமும் உருப்படியாகப் போகும்.

ஒரகடம் மலர்

சரி, இது உறைக்கிறது. செப்டம்பர் பருவத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம், சனிக்கிழமை வகுப்பு. இதற்குள் முதல் நிலை முடியுமா? தமிழ்க்காரர்களுக்கு கொரியன் சுலபம் என்கிறார்களே, உண்மையா?

புலவர் பேரன்

இலக்கணம் சுலபம்தான், அம்மா. சும்மா சொல்லவில்லை, பாருங்கள்.

‘மொகொ போசெயோ’ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். ‘மொகொ’ சாப்பிட்டு, ‘போசெயோ’ பாருங்கள். கண்ணால் காண்கிற அதே ‘பார்’. ‘ஹே ஜுசெயோ’ என்றால் செய்து கொடுங்கள். ‘மொக்கோ இஸ்ஸொயோ’ என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். ‘நெகா மொகுன் பப்’ என்றால் நான் சாப்பிட்ட சோறு. சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்துகிறது, வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இதைப் பிடிக்க வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார். நமக்கு ஒரு மாலை போதும்.

எழுத்திலும் ஓர் ஒற்றுமை. நம் ‘க’ ஒன்றே ‘கடல்’ என்பதில் ஒரு மாதிரியும் ‘அகல்’ என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறது அல்லவா? அவர்களுடைய ‘கியொக்’ எழுத்தும் அப்படியே. முதலில் வந்தால் வல்லொலி, உயிர்களுக்கு நடுவில் வந்தால் மெல்ல ஒலிக்கும். இந்திக்காரர்களுக்கு இது குழப்பம். நமக்கு மூச்சு விடுவது மாதிரி.

அப்புறம் புணர்ச்சி. ‘கம்சாஹம்நிதா’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, எழுத்தில் அது ‘ஹப்நிதா’. நகரம் பின்னால் வருவதால் பகரம் மகரமாகிறது. ‘ஹன்குக்’ என்பதோடு ‘மல்’ சேர்ந்தால் ‘ஹன்குங்மல்’, கொரிய மொழி. கல் என்பதோடு மலை சேர்ந்தால் கன்மலை என்று நன்னூல் படித்தவனுக்கு இதில் என்ன ஆச்சரியம்? அங்கேயும் இங்கேயும் மூக்கொலிக்கு முன்னால் வருகிற மெய் தானும் மூக்கொலியாகிறது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கிடைக்கோடு ஒன்றாக எழுதும் ஓர் உயிர் அவர்களிடம் இருக்கிறது. வெளிநாட்டார் எல்லோரும் அதற்கு உதட்டைக் குவித்து ‘உ’ என்பார்கள், தவறு. அது நம் குற்றியலுகரம். ‘பஸ்ஸு’, ‘கார்டு’ என்று கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் போடுகிறோம் அல்லவா, அதுவேதான். அவர்களும் பஸ்ஸை ‘பொஸு’ என்றும் கார்டை ‘காடு’ என்றும் அதே உகரத்தைப் போட்டுத்தான் சொல்கிறார்கள்.

ஆதித்தமிழன்

அம்மாவுக்கு ‘ஒம்மா’, அப்பாவுக்கு ‘அப்பா’, நாளுக்கு ‘நல்’, புல்லுக்கு ‘புல்’, வா என்பதற்கு ‘வா’. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? தமிழ் இளவரசி கடல் கடந்து போய் அந்த நாட்டையே உருவாக்கினாள். கொரியன் தமிழிலிருந்து பிறந்தது. இவ்வளவு ஏன், வெள்ளைக்காரரே 1905-இல் புத்தகம் எழுதியிருக்கிறார்.

புலவர் பேரன்

நான் சொன்னதைத்தான் எடுத்துக் காட்டுகிறீர்கள் என்பதால் நானே பதில் சொல்கிறேன். ஹோமர் ஹல்பர்ட் 1905-இல் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதியது உண்மை. அதற்குப் பிறகு வந்த மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை என்பதும் உண்மை. வினை கடைசியில் வருவதும் உருபு ஒட்டுவதும் ஜப்பானியம், துருக்கியம், மங்கோலியம் எல்லாவற்றிலும் இருக்கிறது. அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகம் முழுக்கக் குழந்தை வாயில் வருபவை. பத்துச் சொல் ஒத்துப்போவது தற்செயலாகவும் நடக்கும்.

இளவரசி கதை ‘சம்குக் யுசா’ என்ற 13-ஆம் நூற்றாண்டு நூலில் வருகிறது. கி.பி. 48-இல் ‘ஆயுதா’ நாட்டிலிருந்து ஹோ ஹ்வாங்-ஓக் வந்து கயா நாட்டு அரசர் சுரோவை மணந்தாள் என்கிறது. ஆயுதா எது என்று அந்த நூல் சொல்லவில்லை. அயோத்தி என்று ஒரு கட்சி, தமிழகம் என்று இன்னொரு கட்சி. சொல்கிற காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் நடுவே ஆயிரத்துக்கு மேற்பட்ட வருட இடைவெளி. ஒற்றுமையைப் படிக்கப் பயன்படுத்துவோம், பட்டாப் போட வேண்டாம்.

மட்டுறுத்துநர்

இளவரசிக்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே படிப்பு மட்டும்.

சின்சோன்வாசி

புலவர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மலர், அந்தச் சுலபத்தில்தான் வழுக்கி விழுவீர்கள். நான் விழுந்தேன்.

முதலாவது ஒலி. க, ச, த, ப ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் மூன்று வகை உண்டு. சாதாரணம், காற்றைத் தள்ளிச் சொல்வது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. ‘புல்’ என்பதைச் சாதாரணமாகச் சொன்னால் நெருப்பு. காற்றோடு சொன்னால்தான் புல். இறுக்கிச் சொன்னால் மாட்டுக்கொம்பு. இறுக்கமானது நமக்கு வரும், ‘அக்கா’ என்பதில் உள்ள இரட்டை ‘க்க’ மாதிரிதான். காற்றுள்ளதுக்கும் சாதாரணத்துக்கும்தான் வித்தியாசம் காதில் விழாது. ஒரு தந்திரம் சொல்கிறேன். சியோல் இளைஞர்கள் பேசும்போது காற்றை மட்டும் கவனிக்காதீர்கள், சுருதியைக் கவனியுங்கள். சாதாரண மெய்யில் தொடங்கும் சொல் தாழ்ந்து தொடங்கும், மற்ற இரண்டும் உயர்ந்து தொடங்கும். எனக்கு இதை ஆசிரியர் இரண்டாவது பருவத்தில்தான் சொன்னார். முதல் நாளே சொல்லியிருந்தால் எத்தனை சொல்வதெழுதுதலில் தப்பித்திருப்பேன்.

இரண்டாவது சொல்வளம். கொரியனில் பாதிக்கு மேல் சீன வேர்ச் சொற்கள். ‘ஹக்’ என்றால் கல்வி. ஹக்க்யோ பள்ளி, ஹக்செங் மாணவர், தெஹக் பல்கலைக்கழகம், பங்ஹக் விடுமுறை. உடன் படிக்கும் சீனர்களும் ஜப்பானியர்களும் இதையெல்லாம் முன்பே பாதி அறிந்து வந்திருப்பார்கள். மூன்றாம் நிலையில் செய்தித்தாள் துணுக்கு கொடுத்தார்கள். முதல் இரண்டு நிலையில் மதிப்பெண்ணில் எனக்குப் பின்னால் இருந்த ஒசாகா பையன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு வரியில் ஏழு சொல் அகராதியில் தேடினேன். தமிழ் நம்மை மூன்று மாடி தூக்கிக்கொண்டு போய் விடுகிறது. அதற்கு மேல் லிஃப்ட் கிடையாது, படிதான்.

யாழ்நிலா

எங்கட அண்ணா கிம்ஹேயில் ஒரு தொழிற்சாலையில வேலை செய்கிறார். இலங்கையில் இருந்து இ.பி.எஸ் திட்டத்தில் போனவர். அது 2004-இல் தொடங்கின வேலை அனுமதித் திட்டம், இந்தியாவுக்கு அது இல்லை. போவதற்கு கொரியன் மொழிப் பரீட்சை எழுத வேண்டும். வாசிப்பும் கேட்பதும் மட்டும்தான், பேச்சு இல்லை. அண்ணா நல்ல புள்ளி எடுத்தவர். போய் இறங்கின முதல் நாள் சாப்பாட்டுக் கடையில் கரண்டி கேட்கத் தெரியாமல் நின்றவராம்.

மலர் அக்கா கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. தொழிற்சாலையில் எல்லாரும் அண்ணாவோடு ‘பன்மல்’ பேசினார்கள், அதாவது நீ, வா, போ என்கிற மாதிரி. அண்ணாவும் அதையே கற்றுக்கொண்டு வயதானவர்களிடமும் அப்படியே பேசிவிட்டார். நல்ல ஏச்சு விழுந்தது. உங்களுக்கும் காதில் விழுந்தது தொழிற்சாலைக் கொரியன்தானே? வகுப்பில் கடைசியில் ‘யோ’ போட்டு மரியாதையாகப் பேசப் பழக்குவார்கள். பத்து வாரத்தில் அது ஒன்று நாக்கில் பதிந்தாலே போதும்.

இன்னொன்று, ‘நீங்கள்’ என்பதற்கு அகராதியில் ‘தங்ஷின்’ என்று இருக்கும். அதை நம்பி மேலாளரிடம் சொல்லிவிடாதேங்கோ, சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கும். பதவிப் பெயரோடு ‘னிம்’ சேர்த்துக் கூப்பிடுவதுதான் மரியாதை.

உல்சான் மாப்பிள்ளை

மலர், உங்கள் கம்பெனிக்காரர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். கார்த் தொழில் என்றால் உல்சான், புசான் பக்கத்து ஆட்கள் நிறைய இருப்பார்கள். அவர்கள் பேசுவது கியோங்சாங் வட்டார வழக்கு. சியோல் வகுப்பில் ‘பப் மொகொஸ்ஸொயோ?’ என்று சொல்லிக் கொடுப்பார்கள், சாப்பிட்டீர்களா என்று. உங்கள் பூஜாங்னிம் ‘பம் முன்னா?’ என்பார். ‘பப்’ என்பது ‘பம்’ ஆகிவிடும், அதுவும் புலவர் ஐயா சொன்ன அதே புணர்ச்சிதான். சென்னைப் பாடப்புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு நாகர்கோவில் சந்தைக்குப் போவது மாதிரி.

புசானிலும் பல்கலைக்கழக நிலையங்கள் இருக்கின்றன, அறை வாடகையும் குறைவு. வகுப்பில் எங்கேயும் பொதுமொழிதான். ஆனால் படியிறங்கினால் தெரு முழுக்க உங்கள் மேலாளர் பேசும் பேச்சு.

சின்சோன்வாசி

புசான் நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் நிலை மாணவிக்குப் பொதுமொழி உறுதியாகட்டும். வட்டார வழக்கு தொழிற்சாலையில் இலவசமாகவே கிடைக்கும்.

சியோலில் எந்த நிலையம் என்று கேட்டால், சின்சோன் பக்கத்திலேயே நடந்துபோகும் தூரத்தில் யோன்செய், சோகாங், ஈஹ்வா மூன்றும் இருக்கின்றன. யோன்செய் 1959-இல் தொடங்கியது. இலக்கணமும் எழுத்தும் கனமாக இருக்கும். சோகாங் பேச்சுக்குப் பெயர் போனது. உங்கள் தேவைக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் சேருவதற்காகப் படிப்பவர் என்றால் வேறு மாதிரிச் சொல்வேன்.

பணக் கணக்கு. பத்து வாரக் கட்டணம் இடத்தைப் பொறுத்து 17 முதல் 20 லட்சம் வோன். 1,000 வோனை 60 ரூபாய் என்று வைத்தால் 1,02,000 முதல் 1,20,000 ரூபாய். தங்க ‘கோஷிவொன்’ பாருங்கள். அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக வந்த அறைகள், ஒரு கட்டிலும் மேசையும் வைத்தால் அறை முடிந்துவிடும். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் சுவர் தட்டும். மாதம் 4 முதல் 5 லட்சம் வோன். வெளிப்பக்க ஜன்னல் வேண்டுமென்றால் கூடுதல். அந்தக் கூடுதலைக் கொடுத்துவிடுங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் பொதுச் சமையலறையில் சோறும் கிம்ச்சியும் இலவசம், பெரிய முன்பணமும் கேட்பதில்லை. சாப்பாடு, டிக்கெட், விசா, புத்தகம் எல்லாம் சேர்த்து 3 லட்சத்து 20 ஆயிரம் வரும். மீதி முப்பதாயிரத்தைத் தொடாதீர்கள்.

விசா. 90 நாளுக்கு மேல் படிப்பதென்றால் டி-4 மொழிப் பயிற்சி விசா. அதற்குப் பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு தரும் சான்று), வங்கி இருப்பு எல்லாம் காட்ட வேண்டும். ஒரே பருவம் என்றால் 90 நாளுக்குள் அடங்கும், குறுகிய கால விசாவில் போனவர்களும் உண்டு. நிலையம் எதற்குக் கடிதம் தருகிறது என்று முதலில் கேட்டுவிட்டு சென்னைத் துணைத் தூதரகத்தில் உறுதி செய்யுங்கள். அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகவே வேண்டாம்.

பணத்தைக் கட்டுமுன் திருப்பித் தரும் விதியைப் படியுங்கள். என் அறைத் தோழன் ஒருவனுக்கு விசா தாமதமாகி இரண்டாவது வாரம்தான் வந்து சேர்ந்தான். அவன் சேர்ந்த இடத்தில் ஒரு வோன் கூடக் குறைக்கவில்லை. வராத நாட்கள் வருகைக் கணக்கிலும் விழுந்தன. பருவம் முழுக்கக் காய்ச்சல் வந்தாலும் வகுப்புக்குப் போனான், பாவம்.

தயிர்சாதம்

சைவம் யாராவது போயிருக்கிறீர்களா? கிம்ச்சி காய்தானே?

கடாரத்துப் பெண்

காய்தான், ஆனால் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட கூனிறாலோ சேர்த்துத்தான் போடுவார்கள். நீங்கள் கண்டிப்பான சைவம் என்றால் சமைத்துச் சாப்பிடுவதே நிம்மதி. ‘கோகி ப்பேகோ ஜுசெயோ’, இறைச்சியை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொன்னால் காய்கறி கலந்த சோறான பிபிம்பப் கிடைக்கும். ஆனால் மீன் அவர்கள் கணக்கில் ‘கோகி’யில் சேராது, தனியாகச் சொல்ல வேண்டும். இதேவோனில் பள்ளிவாசல் தெருப் பக்கம் பருப்பு, மசாலா, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும்.

தயிர்சாதம்

தயிர்?

கடாரத்துப் பெண்

கிடைக்கும். கடைகளில் பாதி இனிப்பு போட்டது. லேபிளை வாசிக்கப் பழகுங்கள், அதுவும் ஒரு பாடம்தான்.

ஒரகடம் மலர்

எல்லோருக்கும் நன்றி. செப்டம்பர் பருவம், பத்து வாரம், சின்சோன். ஜன்னல் உள்ள அறை. ஐந்து மாதம் சனிக்கிழமை வகுப்பு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ‘முப்பத்தொரு வயதில் பள்ளிக்கூடமா’ என்று கேட்டுவிட்டு மாவடு போட உட்கார்ந்துவிட்டார்.

ஒரகடம் மலர்

(ஐந்து மாதம் கழித்து)

சியோலிலிருந்து எழுதுகிறேன். நிலை பிரிக்கும் தேர்வில் இரண்டு கிடைத்தது. எழுத்துத் தாளில் நன்றாகச் செய்தேன். நேர்காணலில் ஆசிரியர் கேட்டதில் பாதி புரியவில்லை, இருந்தாலும் தள்ளிவிட்டார்.

முதல் நாள் அறிமுகம். வகுப்பில் பதினான்கு பேர். நான் கம்பெனியில் பரிசோதனை வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்து, தொழிற்சாலையில் தினம் கேட்கும் ‘கொம்சா’ என்ற சொல்லை எடுத்து ‘கொம்சாயேயோ’ என்றேன். ஆசிரியர் கண்ணை அகல விரித்து, இந்தியாவில் அரசு வழக்கறிஞரா என்று கேட்டார். அதே ஒலியில் அரசு வழக்கறிஞருக்கும் ஒரு ‘கொம்சா’ இருக்கிறதாம். ‘கொம்சாருல் ஹெயோ’ என்று சொன்னால்தான் பரிசோதனை செய்கிறேன் என்று ஆகும். இப்போது வகுப்பில் எனக்குப் பெயரே ‘கொம்சானிம்’. நாடகம் பார்த்துப் படிக்க வந்த வியட்நாம் பெண்கள் என்னிடம் வழக்கு இருந்தால் சொல்லச் சொல்கிறார்கள்.

புலவர் ஐயா, ‘பொஸு’வில் உங்கள் குற்றியலுகரம் வேலை செய்தது. ஆசிரியர் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். தொல்காப்பியத்தில் என்று சொல்ல எனக்கு கொரியன் போதவில்லை.

புலவர் பேரன்

இந்த ஒரு வரிக்காக இன்றைக்கு இரண்டு முறை காபி குடித்தேன், அம்மா.

ஒரகடம் மலர்

மூன்றாவது வாரம். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். இரண்டு நாளாக அறையிலேயே உட்கார்ந்து அழுகிறேன். சூசோக் என்ற அறுவடைத் திருநாள் விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள், சின்ன உணவகங்கள் பல மூடிக்கிடக்கின்றன, மாடியில் நானும் ஒரு மங்கோலியப் பெண்ணும்தான். விடுமுறைக்கு முன்னால் வைத்த சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று. வீட்டுப்பாடம் முடிக்க இரவு பன்னிரண்டு ஆகிறது. பேசும்போது எனக்கு முன்னால் யாராவது பேசி முடித்துவிடுகிறார்கள்.

தலைவலி என்று மருந்துக்கடைக்குப் போனேன். ‘மொரிகா அபாயோ’ என்று காற்றோடு சொல்ல வேண்டியதை இறுக்கிச் சொல்லிவிட்டேன். ‘தலை என் அப்பா’ என்று அவருக்குக் கேட்டிருக்கும். அவர் சிரிக்காமல் மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து நான்தான் சிரித்தேன், அப்புறம் மறுபடி அழுகை.

யாழ்நிலா

அக்கா, அண்ணாவுக்கும் முதல் சூசோக் இப்படித்தான். அந்த மங்கோலியப் பெண்ணோடு சேர்ந்து சமையுங்கோ. இரண்டு பேருக்கும் பொதுமொழி கொரியன் மட்டும்தானே, இதைவிட நல்ல வகுப்பு கிடைக்குமா?

சின்சோன்வாசி

மூன்றாவது வாரம் எல்லோரும் விழும் குழி. மூன்று வாரப் படிப்பில் போயிருந்தால் இந்த நிலையில்தான் விமானம் ஏறியிருப்பீர்கள்.

வேகத்துக்கு ஒரு வழி. பதில் முழுவதையும் தலையில் கட்டி முடித்துவிட்டுப் பேசாதீர்கள். முதல் சொல்லை வெளியே விட்டுவிடுங்கள். ‘சொனுன்...’ என்று தொடங்கினால், அதாவது ‘நான்...’ என்று, மற்றவர்கள் காத்திருப்பார்கள். வினை கடைசியில் வரும் மொழியில் அந்தச் சலுகை உண்டு. தமிழில் ‘நான் வந்து...’ என்று இழுப்போமே, அதேதான்.

ஒரகடம் மலர்

‘நான் வந்து’ வேலை செய்கிறது!

மங்கோலியப் பெண்ணுக்கு மாவடு கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு ‘ஷியொயோ’, புளிக்கிறது என்றாள். அப்புறம் முழுதாக முடித்தாள். இப்போது தினம் இரவு சமையலறையில் ஒரு மணி நேரம். அவள் அம்மா, என் அம்மா, இரண்டு ஊர்க் கல்யாணச் செலவு. தப்புத் தப்பாகத்தான் பேசுகிறோம், திருத்த ஆளில்லை, அதனால் நிற்காமல் பேசுகிறோம்.

அக்டோபர் 9 ஹங்குல் நாள், அதாவது கொரிய எழுத்து நாள், விடுமுறை. குவாங்ஹ்வாமுன் சதுக்கத்துக்குப் போனேன். செஜோங் அரசர் சிலை. 1446-இல் எழுத்தை வெளியிட்டவர். பத்தாயிரம் வோன் நோட்டிலும் அவர்தான் இருக்கிறார். அன்றைக்கு மட்டும் நான்கு நோட்டு செலவாகிவிட்டது.

தயிர்சாதம்

மாவடுவை விமானத்தில் விட்டார்களா?

ஒரகடம் மலர்

சரக்குப் பெட்டியில் வைத்தேன், மூன்று உறை சுற்றி. சட்டை ஒன்று போனது.

ஒரகடம் மலர்

(ஊர் திரும்பிய பிறகு)

இரண்டாம் நிலை முடித்தேன். பேச்சில் 84, கேட்பதில் 71, எழுத்தில் 79. அடுத்து டோபிக் என்ற கொரிய மொழித் தகுதித் தேர்வில் முதல் தாள் எழுதப் போகிறேன். 200-க்கு 140 வாங்கினால் இரண்டாம் நிலைச் சான்றிதழ், இரண்டு வருடம் செல்லும். மூன்றாம் நிலைக்கு உடனே போகவில்லை. சின்சோன்வாசி சொன்ன லிஃப்ட் இல்லாத படி எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. சீன வேர்ச் சொல் தினம் பத்து என்று வீட்டிலிருந்தே ஏறுகிறேன்.

கம்பெனி விஷயம். திங்கட்கிழமை பூஜாங்னிம் வரிசைக்கு வந்தார். நான் மரியாதையாக வணக்கம் சொல்லி, வெள்ளிக்கிழமை வந்த பாகங்களில் பன்னிரண்டு புல்யாங், ஹ்வாகின் செய்துவிட்டேன், காரணம் அச்சு தேய்மானம் என்றேன். எனக்கு எட்டு வாக்கியம் ஆனது. அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு கடகடவென்று ஏதோ சொன்னார். எதுவும் புரியவில்லை. உல்சான்காரர். மாப்பிள்ளை எச்சரித்திருந்தார், தப்பு என்மேல்தான். ‘மறுபடி ஒரு தடவை சொல்லித் தாருங்கள்’ என்றேன். மெதுவாகச் சொன்னார். மூன்றாவது தடவையில் பிடித்தேன். அந்த அச்சை இன்றைக்கே கழற்றச் சொல் என்கிறார். கழற்றினோம்.

மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

உல்சான் மாப்பிள்ளை

‘பம் முன்னா’ கேட்டாரா?

ஒரகடம் மலர்

மதியம் கேட்டார். ‘சாப்பிட்டேன், பூஜாங்னிம் சாப்பிட்டீர்களா’ என்று திருப்பிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் புரியவில்லை. பதிவு செய்து வைத்திருக்கிறேன், உங்களுக்கு அனுப்பட்டுமா?

உல்சான் மாப்பிள்ளை

அனுப்புங்கள்.

தயிர்சாதம்

எனக்கு மார்ச் பருவத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. மாவடுக்கு எத்தனை உறை சுற்ற வேண்டும்? மூன்று போதவில்லை என்று மேலே படித்தேன்.

ஒரகடம் மலர்

ஐந்து. மூடியில் டேப்பும் ஒட்டுங்கள்.